மூன்று வீட்டுக்கு ஒரு பாஸ்வேர்ட்

பதுளையில் நான் குடியிருந்த வீட்டுக்கு இன்டர்நெட் வந்தது ஓர் ஒக்டோபர் மாதம், மழை தொடங்கிய கிழமையில். யுத்தம் முடிவதற்கு முந்திய வருடம் அது. ரயில் நிலையத்துக்கு மேலே உள்ள சரிவில் வீடு. கீழே வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். மேலே ஓர் அறையும் சின்னச் சமையலறையும் எனக்கு. நான் ஹாலிஎலைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் அப்பாவும் மடுல்சீமையில், நான் பிறந்த அதே தோட்ட லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்தார்கள். அம்மா அப்போதும் கொழுந்து பறிக்கப் போனார்.

வீட்டுக்கார ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் பிரதம லிகிதர், கோப்புகளோடுதான் வேலை. வேலை கிடைத்துப் பதுளைக்கு வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர்களின் ஒரே மகள் கனடாவில். மகளோடு டெலிபோனில் பேசும்போது ஐயா கையில் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு பேசுவார். அக்கா பக்கத்தில் நின்று, தன் முறை வருவதற்குள் அவர் முடித்துவிடுவாரோ என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்கு இன்டர்நெட் தேவைப்பட்டது வேறு காரணத்துக்கு. கொழும்பில் ஒரு நிறுவனம் ஆசிரியர்களுக்கென்று தபால் வழி டிப்ளோமா ஒன்றை நடத்தியது. அந்த வருடம் தபாலை விட்டுவிட்டு எல்லாவற்றையும் இன்டர்நெட்டுக்கு மாற்றினார்கள். பாடம் அதில் வரும். தேர்வும் அதில்தான், ஞாயிறு காலை பத்து மணிக்கு, ஒரு மணித்தியாலம். இடையில் லைன் அறுந்தால் அதுவரை எழுதியதுதான் விடைத்தாள். டவுனில் இருந்த நெட் கபே ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. திறந்த நாட்களிலும் வாசலில் ஒரு கொப்பியில் அடையாள அட்டை இலக்கத்தை எழுதிவிட்டுத்தான் உட்கார வேண்டும். தமிழ்ப் பெயரென்றால் கொப்பியை வைத்திருந்தவர் முகத்தை இன்னொரு தடவை பார்ப்பார். எனக்கு அது பழகிவிட்டது, பிடித்ததில்லை.

அதனால் நானே ஐயாவிடம் கேட்டேன். டெலிபோன் லைன் அவர் பேரில் இருந்தது. அதிலேயே இன்டர்நெட் எடுத்தால் அவர்கள் மகளின் முகத்தைப் பார்த்துப் பேசலாம், எனக்கும் படிப்பு நடக்கும், பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம் என்றேன். ஐயா இரண்டு நாள் யோசித்தார். "முகம் பாக்கலாம்" என்ற சொல்லை அக்கா பிடித்துக்கொண்டார். அதோடு தீர்மானமாகிவிட்டது.

கம்பனிக்காரர்கள் வந்து லைனைச் சரிபார்த்து, ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வயர்லெஸ் ரவுட்டரை டவுனில் கொம்பியூட்டர் திருத்தும் ஒருவரிடம் வாங்கினோம். அவரே வந்து பொருத்தினார். கீழே ஐயாவின் கொம்பியூட்டருக்குக் கம்பி, மேலே என் பழைய லெப்டொப்புக்கு வயர்லெஸ். பாஸ்வேர்ட் என்னவென்று கேட்டேன்.

"வீட்டு டெலிபோன் நம்பரையே போட்டிருக்கேன் டீச்சர். மறக்காது."

நான் தலையாட்டினேன். அன்று எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

முதல் கிழமை திருவிழாதான். மகளின் முகம் திரையில் தெரிந்ததும் அக்கா திரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் கிழமையிலிருந்து லைன் மந்தமாகியது. மகளின் வாய் ஒரு பக்கம் போக, குரல் இன்னொரு பக்கம் வந்தது. மாதத்துக்குத் தந்த டேட்டா அளவு மாதம் பாதியாகும் முன்பே தீர்ந்துவிட்டதாகக் கம்பனியிலிருந்து அறிவித்தல் வந்தது. பதுளையில் எது பழுதானாலும் மழையைச் சொல்வோம். நாங்களும் மழை என்றே நினைத்தோம்.

முதல் தேர்வு அப்படித்தான் போனது. நாற்பது கேள்வியில் பன்னிரண்டாவது கேள்வியில் பக்கம் உறைந்து நின்றது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன், அசைந்தால் அறுந்துவிடும் என்பது போல. பதினொரு மணிக்குத் திரையில் ஒரு வரி வந்தது. சித்தியடையவில்லை. அடுத்த தேர்வு நவம்பர் கடைசி ஞாயிறு. அதுவும் போனால் அடுத்த வருடம்தான்.

நான் படிப்பில் தோற்றிருந்தால் அழுதிருப்பேன். மிச்சமிருந்த இருபத்தெட்டுக் கேள்விகளைப் பார்க்கக்கூட விடாமல் ஏதோ ஒன்று தடுத்துவிட்டது. அதனால் கோபம்தான் வந்தது.

அந்தக் கிழமையே ஐயா கச்சேரியிலிருந்து முகம் வெளிறி வந்தார். எங்கோ ஓர் ஊரில், யாரோ ஒருவரின் இன்டர்நெட் லைனிலிருந்து ஏதோ ஈமெயில் போனதாம், விசாரிக்க வந்தவர்கள் லைனின் சொந்தக்காரரை ஏற்றிக்கொண்டு போனார்களாம் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். உண்மையோ பொய்யோ தெரியாது. அந்த நாட்களில் இப்படியான கதைகளைக் கேட்டு எவரும் ஆதாரம் கேட்பதில்லை.

"பிள்ளை, நான் லைனை வெட்டப் போறன்" என்றார். "கடிதம் எழுதி வச்சிட்டன்."

"ஏன் ஐயா? நாம தப்பா ஒண்ணும் செய்யலையே."

"நாங்கள் செய்யேல்லை. ஆனா இந்த மாதம் எங்கட அளவு எங்க போனது? நீர் பாடம் படிக்கிறீர், நாங்கள் பிள்ளையோட கதைக்கிறம். அதுக்கு இவ்வளவு போகாது. ஆரோ எடுக்கினம். அவன் என்னத்தை அனுப்பினாலும் என்ர பேரிலதான் போகும். நான் யாழ்ப்பாணத்தான். வந்து தட்டினா நான் என்ன சொல்லுறது?"

அவர் பயந்தது வீண் பயமில்லை. அளவு போன கணக்கை ஒரு கணித ஆசிரியை கவனிக்கவில்லை, ஒரு லிகிதர் கவனித்துவிட்டார்.

"சனிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்குங்க ஐயா. நான் பாக்குறேன். என்னால முடியலைனா நானே அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்க் குடுக்குறேன்."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா கடிதத்தை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்தார்.

ரவுட்டரோடு வந்த ஆங்கிலக் கையேட்டை மறுநாள் பஸ்ஸில் வாசித்தேன். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. முதலில் எதுவும் ஏறவில்லை. மூன்றாவது நாள், நடுவில் புள்ளி வைத்த எண்களால் ஆன ஒரு விலாசம் கண்ணில் பட்டது. அதைத் தட்டினால் ரவுட்டரின் உள்ளே போகலாம் என்று எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்து சேலை மாற்றாமலே தட்டினேன். பயனர் பெயர் கேட்டது, பாஸ்வேர்ட் கேட்டது. கையேட்டில் இருந்ததையே இரண்டுக்கும் போட்டேன். திறந்துகொண்டது. அதே சொல் அந்தப் பெட்டியின் அடியிலும் ஒட்டியிருந்தது. அந்த வகை ரவுட்டர் வாங்கிய எவருக்கும் எங்கள் வீட்டுச் சாவி தெரியும் என்பது அப்போதுதான் விளங்கியது.

உள்ளே ஒரு பட்டியல் இருந்தது. அந்த நேரத்தில் எங்கள் லைனில் தொடுத்திருக்கும் கருவிகள். இரண்டு இருக்க வேண்டும். ஐந்து இருந்தன.

ஐயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "மூண்டு பேர்" என்றார் மெல்ல.

ரவுட்டரைப் பொருத்தியவருக்கு டெலிபோன் எடுத்தேன்.

"அதெல்லாம் தொடாதீங்க டீச்சர். தொட்டீங்கனா லைன் மொத்தமா போயிரும். அடுத்த கிழமை நானே வந்து பாக்குறேன்."

"மூணு பேரு நம்ம லைன்ல இருக்காங்க. டெலிபோன் நம்பரை அவங்களுக்கு யாரு சொன்னது?"

"கடையில ஆள் இருக்கு டீச்சர்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த கிழமை வரை காத்திருக்க நான் தயாராக இல்லை. சனிக்கிழமை காலை ஐயாவின் கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தேன். முதலில் ரவுட்டரின் உள்ளே போகும் பாஸ்வேர்டை மாற்றினேன். தட்டும் எழுத்துகள் திரையில் தெரியாது, கறுப்புப் புள்ளிகள்தான். இரண்டு தடவையும் ஒரே பிழையோடு தட்டியிருக்க வேண்டும். சேமித்தேன். மறுபடி உள்ளே போகப் பார்த்தால் கதவு திறக்கவில்லை. பத்துத் தடவை முயன்றேன். என் வீட்டை நானே பூட்டிவிட்டு வெளியில் நின்றேன்.

ஐயா பின்னால் கதிரையில் இருந்தார். லாச்சியில் இருந்த கடிதத்தை அவரும் நினைத்திருப்பார், நானும் நினைத்தேன்.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் வழி இருந்தது. ரவுட்டரின் பின்பக்கம் ஊசி நுழையும் அளவில் ஒரு துளை, அதற்குள் ஒரு பொத்தான். அதைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்தால் எல்லாம் அழிந்து, கடையில் வாங்கிய நாள் போலாகிவிடும். அக்கா தன் சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றித் தந்தார். நான் அழுத்த, அவர் வாய்விட்டு எண்ணினார். விளக்குகள் எல்லாம் அணைந்து மறுபடி எரிந்தன.

இப்போது உள்ளே போக முடிந்தது. ஆனால் இன்டர்நெட் வரவில்லை. கம்பனி தந்த பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்டது. அவற்றை அன்று ரவுட்டரைப் பொருத்தியவர்தான் போட்டார், எங்களுக்குச் சொல்லவில்லை. "தொட்டீங்கனா லைன் போயிரும்" என்று அவர் சொன்னதன் பொருள் இதுதான். இது தெரியாதவரை அவர் இல்லாமல் எங்களால் நகர முடியாது.

"ஐயா, கம்பனிக்காரங்க அன்னைக்கு ஒரு படிவம் குடுத்தாங்களே" என்றேன்.

ஐயா எழுந்தார். அவர் அறையின் அலுமாரியில் எல்லாக் காகிதங்களுக்கும் கோப்பு இருந்தது. தண்ணீர், மின்சாரம், காணி, மகளின் பாடசாலைக் காலம். டெலிபோன் என்று எழுதிய கோப்பைத் திறந்து ஐந்தாவது காகிதத்தை எடுத்தார். தொடுக்கப்பட்ட திகதியைக் கூடச் சிவப்பு மையில் குறித்து வைத்திருந்தார். படிவத்தின் கீழ் மூலையில், சின்ன எழுத்தில், இரண்டும் இருந்தன.

"முப்பத்தியொரு வருசமா இதுதான் பிள்ளை என்ர வேலை" என்றார். அந்த மாதத்தில் அவர் முதல் தடவையாகச் சிரித்ததை அப்போது பார்த்தேன்.

ஒவ்வோர் எழுத்தாக அவர் வாசிக்க, நான் தட்ட, அக்கா திரும்ப வாசித்துச் சரிபார்த்தார். இன்டர்நெட்டைக் காட்டும் நான்காவது விளக்கு பச்சையானது. பிறகு ஒவ்வொன்றாகச் செய்தேன். உள்ளே போகும் பாஸ்வேர்டை மாற்றினேன், இம்முறை ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு. வெளியிலிருந்து எவரும் ரவுட்டரைத் திறக்கும் வழியை அடைத்தேன். பொருத்தியவர் வயர்லெஸ்ஸுக்குப் போட்டிருந்தது பழைய வகைப் பூட்டு, எளிதில் உடைக்கலாம் என்று கையேடே சொன்னது. அதற்குப் பதில் புதிய வகையைப் போட்டேன். வயர்லெஸ்ஸில் வெளியே தெரிந்தது அந்த ரவுட்டர் வகையின் பெயர், அதையும் மாற்றினேன்.

கடைசியாக வயர்லெஸ் பாஸ்வேர்ட். நீளமாக இருக்க வேண்டும், எவரும் ஊகிக்கக் கூடாது, எங்கள் மூன்று பேருக்கும் மறக்கக் கூடாது. அக்கா தன் ஊரில் சமைக்கும் ஒரு சாப்பாட்டின் பெயரைச் சொன்னார். எங்கள் தோட்டத்தில் தொழிலாளர்கள் ஒவ்வொரு தேயிலை மலைக்கும் தங்களுக்குள் ஒரு பெயர் வைத்திருப்பார்கள், தோட்டத்தை நடத்தும் துரைமாரின் வரைபடத்தில் அது இருக்காது. அதில் ஒன்றை நான் சொன்னேன். ஐயா தன் முதல் நியமனக் கடிதத்தின் இலக்கத்தை யோசிக்காமல் சொன்னார். மூன்றையும் சேர்த்து ஆங்கில எழுத்தில் தட்டினேன். ஊகிக்க வரும் ஆள் யாழ்ப்பாணத்தில் பிறந்திருந்தால் நடுப்பகுதி தெரியாது, மடுல்சீமையில் பிறந்திருந்தால் முதல் பகுதி தெரியாது.

ஐயா பேனையை எடுத்துக் கோப்பில் எழுதப் போனார்.

"எழுதக் கூடாது ஐயா."

"எழுதாமல் எப்பிடி?" அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. அக்காதான் பேனையை வாங்கி மூடி வைத்தார்.

பட்டியலைத் திறந்தேன். இரண்டு இருந்தன. ஐயா திரைக்கு அருகில் குனிந்து விரலால் எண்ணினார். ஒன்று, இரண்டு.

அன்று பின்னேரம் படலையில் ஆள் வந்தது. பின்வீட்டில் வாடகைக்கு இருந்த இளம் பெண். டவுனில் துணிக்கடை வைத்திருந்தவரின் மருமகள், கணவன் கட்டாரில் வேலை. தலையில் முக்காடு, நெஞ்சோடு அணைத்த லெப்டொப்.

"டீச்சர், எங்கூட்டுல காலையில இருந்து இன்டர்நெட் வேல செய்யல்ல. ஒங்க லைனும் அப்படியா?"

நான் அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, எங்கிருந்து லைன் எடுத்தாள் என்று கேட்டேன். கொம்பியூட்டர் திருத்துபவர் தன் லைன் என்று சொல்லி நம்பர் கொடுத்தாராம். மாதா மாதம் அவரிடம் காசு கட்டினாளாம். நம்பரைச் சொன்னாள். எங்கள் டெலிபோன் நம்பர். அது எந்த வீட்டு நம்பர் என்று நான் சொன்னதும் அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"அல்லாஹ், எனக்குத் தெரியாது டீச்சர். கட்டார்ல இருக்கிற அவரோட பேசத்தான் எடுத்தேன். வேற ஒண்ணுக்கும் எடுக்கல்ல." கைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து ஐயாவுக்கு முன்னால் மேசையில் வைத்தாள். எவரும் கேட்கவில்லை.

அதைக் கண்டதும் ஐயாவின் முகம் மாறியது. எத்தனை சோதனைச் சாவடிகளில் அவரும் அப்படி எடுத்து வைத்திருப்பார். அட்டையை எடுத்து அவள் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"இரும் பிள்ளை" என்றார். "தேத்தண்ணி குடியும்."

தேநீர் முடிவதற்குள் அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அவளும் சேர்ந்துகொள்ளலாம், திருட்டுத்தனமாக இல்லை, ஒழுங்காக. ஒரு தாளை எடுத்து, இந்த லைனைப் பாவிப்பவர்கள் இன்னார், இன்ன கருவியில் என்று இலக்கம் போட்டு எழுதினார். நாலு பேரும் கையொப்பம் வைத்தோம். மூன்று பிரதிகள், கீழ்வீடு, மேல்வீடு, பின்வீடு என்று வீட்டுக்கு ஒன்று. பாஸ்வேர்டை வேறெவருக்கும் சொல்வதில்லை என்பது கடைசி வரி. பாஸ்வேர்டை அவள் காதுக்குள் சொன்னேன். முதல் பகுதியைக் கேட்டு, "அது என்னா சாப்பாடு?" என்றாள். அடுத்த ஞாயிறு அக்கா சமைத்துக் கொடுத்தார்.

மற்ற இரண்டு பேரும் வரவில்லை. யாரென்று இன்றுவரை தெரியாது.

திங்கட்கிழமை பாடசாலை விட்டு நேரே கடைக்குப் போனேன். அவர் என்னைக் கண்டதும் ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு, "சும்மா காத்துல போறதுதானே டீச்சர்" என்றார்.

"காத்துல போறது ஐயாவோட பேரு. அவரு வீட்டுக்கு யாராவது விசாரிக்க வந்திருந்தா நீங்க வந்து நின்னிருப்பீங்களா?"

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே, "அந்த கம்பனி பாஸ்வேர்டு ஒங்களுக்கு எப்படிக் கெடைச்சது?" என்று கேட்டார்.

"கோப்புல இருந்துச்சு."

பின்வீட்டுப் பெண்ணிடம் வாங்கிய காசை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டதாகப் பிறகு அவளே சொன்னாள்.

நவம்பர் நடுவில் ஒரு மாலை, எங்கள் சரிவில் பொலிஸ்காரர்கள் வீடு வீடாகக் குடியிருப்போர் பதிவு பார்க்க வந்தார்கள். இரண்டு பேர், ஒரு கொப்பி. வழக்கமான கேள்விகள் முடிந்ததும் ஒருவர் மேசையில் மினுங்கிய ரவுட்டரைக் காட்டி, இதை யார் யார் பாவிக்கிறார்கள் என்று சிங்களத்தில் கேட்டார். நான் மாடிப்படியில் நின்றேன். முன்பு இப்படி வந்தால் ஐயாவுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், நான் பார்த்திருக்கிறேன். அன்று அவர் கோப்பை எடுத்து வந்து அந்தத் தாளைக் காட்டி, "மூன்று வீடு, நான்கு பேர். பூட்டியிருக்கிறது. வேறு எவரும் உள்ளே வர முடியாது" என்று நிதானமாகச் சிங்களத்தில் சொன்னார். வந்தவர் தாளை மேலிருந்து கீழே பார்த்து, தலையாட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். படலை மூடிய சத்தம் கேட்டதும் ஐயா லாச்சியைத் திறந்து, வெட்டச் சொல்லி எழுதிய கடிதத்தை நாலாகக் கிழித்தார். அவர் ஒரு காகிதத்தைக் கிழித்ததை நான் கண்டது அந்த ஒரே தடவைதான்.

கடைசி ஞாயிறு காலையிலிருந்து மழை. ஒன்பதரைக்குப் பின்வீட்டுப் பெண் யன்னலைத் திறந்து, மூடிய லெப்டொப்பைத் தூக்கிக் காட்டினாள். கீழே ஐயா தன் கொம்பியூட்டரின் கம்பியையே கழற்றிவிட்டார். பத்து மணிக்குப் பக்கம் திறந்தது. பன்னிரண்டாவது கேள்வி வந்தபோது கை ஒரு கணம் நின்றது. பதிமூன்று வந்தது. அதற்குப் பிறகு நான் லைனை நினைக்கவில்லை. நாற்பதும் முடிந்தபோது பதினைந்து நிமிடம் மிச்சமிருந்தது. எல்லாவற்றையும் திரும்பச் சரிபார்த்துவிட்டு அனுப்பினேன். உடனே திரையில் முடிவு வந்தது. சித்தி, அதுவும் மேல் தரத்தில்.

மாடியிலிருந்து இறங்கி வந்தபோது மூன்று பேரும் படியின் அடியில் நின்றார்கள். என் முகத்தைப் பார்த்ததுமே அக்கா கையைத் தட்டினார். நான் மடுல்சீமையில் கடைக்காரருக்கு டெலிபோன் எடுத்து அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். பரீட்சை எதில் எழுதினேன் என்று அம்மாவுக்கு விளங்கவில்லை. "நீயே செஞ்சியா?" என்று மட்டும் கேட்டார். "ஆமாம்மா, நாங்களே செஞ்சோம்" என்றேன்.

அதன் பிறகு அந்தச் சரிவில் ஏழெட்டு வீடுகளுக்கு நான் போய்ப் பூட்டுப் போட்டுக் கொடுத்தேன். படிவத்தைக் கோப்பில் வையுங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று எல்லோருக்கும் சொன்னேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு நாள் பாடசாலையிலிருந்து வந்து லெப்டொப்பைத் திறந்தால் லைன் எடுக்கவில்லை. பாஸ்வேர்ட் பிழை என்றது. கீழே போனேன். பட்டியலைப் பார்க்க ரவுட்டரின் உள்ளே போக முடியாமல் ஐயாவும் மேசையில் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பின்வீட்டுப் பெண்ணும் வந்துவிட்டாள். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அக்கா குசினியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தார்.

"நான்தான் மாத்திப்போட்டன்" என்றார். "ஆறு மாதத்துக்கு ஒருக்கா மாத்த வேணும் எண்டு நீர்தானே சொன்னீர். நீங்கள் ஒருத்தரும் செய்யேல்லை."

ஐயா திறந்த வாய் மூடாமல் அவரைப் பார்த்தார். புதியது என்னவென்று கேட்டார். அக்கா வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, ஒவ்வொருவர் காதிலும் தனித்தனியாகச் சொன்னார்.